லிதுவேனியர் மண்டபத்துப் பந்தி

கல்யாண மண்டபம் பார்க்க வருகிறவர்கள் முதலில் மணமேடையைப் பார்ப்பார்கள். நான் சாக்கடையைப் பார்ப்பேன். இருநூறு பேர் கை கழுவினால் தண்ணீர் தேங்காமல் ஓடுமா, அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆள் திரும்புவதற்குச் சமையற்கட்டில் இடம் இருக்கிறதா, அங்கிருந்து பந்திக்கு எத்தனை படி. இதைப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் பெயின்டும் சீரியல் லைட்டும்தான். பெருந்துறையில் முப்பது வருஷமாக மண்டபம் நடத்துகிறேன். எனக்கு ஒரு மண்டபத்தை எடை போடப் பத்து நிமிஷம் போதும்.

அதனால் என் மகள் கார்த்திகா நியூ ஜெர்சியிலிருந்து போன் பண்ணி, "அப்பா, இங்க ஒரு ஹால் பாத்து வெச்சிருக்கறமுங்க. நீங்க நேர்ல வந்து நல்லா இருக்குதா இல்லையான்னு சொல்லோணும்" என்றபோது, அது என்னை வரவழைக்க ஒரு சாக்கு என்று தெரிந்தும் கிளம்பினேன். ஆடி மாதம் என் மனைவி சரசு தவறிவிட்டாள். அன்றிலிருந்து மகள் வாரத்துக்கு ஒரு சாக்கு சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் இது ஒன்றுதான் என் தொழிலுக்குப் பொருத்தமாக இருந்தது.

கார்த்திகா வாரநாளில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமையில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறாள். நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். இத்தனை நாள் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அந்தக் கட்டிடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம், வருஷக் கடைசியோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது லிதுவேனியர்களின் சங்க மண்டபம். அதன் உறுப்பினர்கள் ஒன்பது பேர்தான் மிச்சம், எல்லோரும் வயசானவர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒன்பது பேரும் கை தூக்கினால் மண்டபம் தமிழ்ப் பள்ளியின் பொறுப்புக்கு வரும். ஒரு கை குறைந்தாலும் பூட்டிச் சாவியை நகராட்சியிடம் கொடுத்துவிடுவார்கள்.

லிதுவேனியா எங்கே இருக்கிறது என்று விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்டேன். ஆப்பிரிக்காவில் என்று அடித்துச் சொன்னார். அவர் ஜியாகிரபி வாத்தியாராம். பிறகு மகள் வீட்டுச் சுவரில் இருந்த மேப்பில் பார்த்தேன். ஐரோப்பாவில், போலந்துக்கு மேலே, கடலோரத்தில் ஒரு துண்டு நிலம்.

வியாழக்கிழமை, தூக்கம் கலையட்டும் என்று மகள் என்னை ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். நகைக்கடை, சேலைக்கடை, சாட் கடை, மறுபடி நகைக்கடை. ஒரு ஓட்டலில் மசால் தோசை கேட்டேன். தோசை சரியாக இருந்தது. சட்னி மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எழுந்து வந்த குளிரோடு தட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு வடநாட்டுப் பெரியவர் மகனிடம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கார்த்திகா காதோடு தமிழில் சொன்னாள்: "வீடு பெரிசா வாங்கினே, சரி. நான் பேசறதுக்கு ஆள் எந்த ரூம்ல இருக்காங்க?" மகன் பில் கேட்டான்.

வெளியே பார்க்கிங்கில் என் வயசுக்காரர்கள் வரிசையாகக் கார்களில் உட்கார்ந்து, மனைவிமார் சேலை எடுத்துவிட்டு வரக் காத்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஈரோடும் ஐசலினும் ஒன்றுதான். நான் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம். ஐசலினிலிருந்து காரில் அரை மணி நேரம். ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் காலி மனை, நடுவே சிவப்புச் செங்கல்லில் இரண்டு மாடிக் கட்டிடம். கதவைத் திறந்தது ஆல்தோனா என்ற அம்மா. எண்பது தாண்டியவர், நெட்டையான ஆள், உதட்டில் அழுத்தமான சாயம். சங்கத்தின் தலைவி. அவருக்குப் பின்னால் இடுப்பில் சாவிக்கொத்துடன் ஒரு குட்டையான மனிதர் நின்றார். பெயர் வீதாஸ். ஃபாக்டரியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த மண்டபத்தின் பாய்லருக்கும் பூட்டுக்கும் அவர்தான் பொறுப்பு.

உள்ளே போனதும் நான் பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டேன். தரை அப்படி இருந்தது. பளபளவென்று மரப்பலகை, ஒரு கீறல் இல்லை. டிசம்பர் குளிர் சாக்ஸைத் தாண்டி ஏறியது. ஆல்தோனா என் கால்களையே பார்த்தார்.

"இது நடனத் தரை. அறுபது வருஷமா எல்லாரையும் ஷூவைக் கழட்டச் சொல்லிக் கத்தியிருக்கேன். சொல்லாமலே கழட்டின முதல் ஆள் நீங்கதான்."

"எங்க ஊர்ல எல்லாரும் கழட்டுவாங்க" என்றேன், என் பெருந்துறை இங்கிலீஷில். "திரும்பப் போறப்ப இன்னொருத்தர் செருப்பு போட்டுட்டுப் போவாங்க. அது ஒண்ணுதான் பிரச்சினை." அவர் சிரித்தார். வீதாஸ் சிரிக்கவில்லை.

சமையற்கட்டு தரைக்குக் கீழே இருந்தது. பதினெட்டுப் படி. மண்டபம் தேறாது என்று மனசுக்குள் எழுதியே விட்டேன். அப்போது வீதாஸ் சுவரில் ஒரு சின்னக் கதவைத் திறந்து கயிற்றை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டி மேலே ஏறியது. சாப்பாட்டுக்கு லிஃப்ட்! கீழே சாம்பாரை வைத்துக் கயிற்றை இழுத்தால் மேலே பந்தியில் போய் நிற்கும். சரளைக்கல் ஏறுகிற மாதிரி சத்தம் வந்தது, ஆனால் கொஞ்சமும் ஆடவில்லை. முப்பது வருஷமாகப் படியேறி முட்டி தேய்ந்த என் பரிமாறும் ஆட்களை நினைத்துக்கொண்டேன். சாக்கடையும் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். போன இடம் தெரியவில்லை.

"ஹால் ஃபர்ஸ்ட் கிளாஸ், கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சுவரில் கொக்கியில் தொங்கிய ஒரு கை மிஷினை எட்டி எடுக்கப் போனேன். கறி அரைக்கிற பழைய இரும்பு மிஷின், மரக் கைப்பிடி.

"அதைத் தொடாதே" என்றார் வீதாஸ்.

குரல் சமையற்கட்டு முழுக்க எதிரொலித்தது. கையை இழுத்துக்கொண்டேன். அவர் சாவிக்கொத்தைக் குலுக்கியபடி படியேறிப் போய்விட்டார்.

"ரெஜினாவோடது. அவர் மனைவி" என்றார் ஆல்தோனா. "நாற்பது வருஷம் இந்தச் சமையற்கட்டு அவள் கையில். போன ஏப்ரல்ல போயிட்டா. எட்டுக் கை தயாரா இருக்கு. ஒன்பதாவது கை அவரோடது. யாருக்கும் கொடுக்க வேண்டாம், பூட்டிடுவோம்னு சொல்றார்."

காரில் திரும்பினோம். ஃப்ரீவே ஏறின பிறகுதான் கார்த்திகா வாயைத் திறந்தாள். "பதினோரு எடத்துல அப்ளை பண்ணியாச்சுங்கப்பா. எல்லாம் ரிஜெக்ட். இது போச்சுன்னா ஸ்கூலை க்ளோஸ் பண்ண வேண்டியதுதான்." பின் சீட்டிலிருந்த என் பேத்தி மகிழினிக்கு ஒன்பது வயசு. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "அப்ப சனிக்கிழமை தூங்கலாமா?" என்று கேட்டாள். அவள் அம்மா கண்ணாடியில் பார்த்த பார்வையில் கப்சிப்.

சனிக்கிழமை கார்த்திகா பள்ளிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை ஆபீஸ் போனில் இருந்தார். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீதாஸை இன்னொரு தடவை பார்த்தால் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் எத்தனை தடவை சரிக்கட்டியிருப்பேன்! பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு வயசான கறுப்பினப் பெண்கள். "என் முட்டி மழையைச் சொல்லும், டிவிக்காரன் சொல்றதுக்கு முன்னாடியே" என்றாள் ஒருத்தி. "என் முட்டி என் மருமகள் வர்றதைச் சொல்லும்" என்றாள் மற்றவள். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவுவார், இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இங்கே கண்டக்டர் என்று ஒரு ஜீவனே கிடையாது. ஜன்னலோரம் ஒரு கயிறு ஓடுகிறது, இறங்குகிறவர்தான் அதை இழுக்க வேண்டும். நான் அதைத் துணி காயப்போடுகிற ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். டயர் கடை கண் முன்னால் வந்தது, போனது. எழுந்து நின்று "ஹோல்டான்!" என்று கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். முட்டிக்காரப் பாட்டிகளில் ஒருத்திதான் என் சார்பாகக் கயிற்றை இழுத்தாள். அதற்குள் இரண்டு மைல் தாண்டியிருந்தது.

பனிமழையில் இரண்டு மைல் நடந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட், தலையில் என் பச்சை மப்ளர். மண்டபத்துக் கதவைத் தட்டியபோது தாடை தந்தி அடித்துக்கொண்டிருந்தது. ஆல்தோனா என்னை இழுத்து உள்ளே போட்டு, பாய்லர் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு கிண்ணம் சூடான காளான் சூப்பும் கன்னங்கரேலென்று ஒரு ரொட்டியும் கொடுத்தார். கம்பில் செய்த மாதிரி கனமான, புளிப்பான ரொட்டி. இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். மூன்று சாப்பிட்டேன்.

வீதாஸ் வரவில்லை. நான் சரிக்கட்ட வந்த ஆள் இல்லாததால் ஆல்தோனா சொன்ன கதையைக் கேட்டேன்.

இவர்களுடைய தாத்தாமார் இங்கே தையல் மிஷின் ஃபாக்டரியிலும் துறைமுகத்திலும் வேலைக்கு வந்தவர்கள். ஒரு அறையில் ஆறு பேர். ஷிஃப்ட் மாறும்போது கட்டிலும் மாறும். ஒருநாள் ஃபாக்டரியில் ஒருவர் இறந்துபோனார். எடுத்துப் போட ஆள் இல்லை, பாஷை தெரிந்த பாதிரி இல்லை. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து, இனி நம்மில் யாரும் அனாதையாகப் போகக் கூடாது என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் வேலை முடிந்த சாயங்காலங்களில் தாங்களே செங்கல் அடுக்கி இதைக் கட்டியது. சாவுக்காகச் சேர்ந்தவர்கள் கல்யாணத்துக்கு மண்டபம் கட்டினார்கள். பாட்டுக் குழு, கூடைப்பந்து, ஞாயிற்றுக்கிழமை நடனம் எல்லாம் பிறகு வந்தது. போட்டோக்களில் பார்த்தேன். எல்லோரும் கோட்டுப் போட்டு, சிரிக்காமல் நிற்கிறார்கள், நம் ஊர் பழைய கல்யாண குரூப் போட்டோவைப் போலவே.

"பிறகு போர் முடிஞ்சு இரண்டாவது கூட்டம் வந்தது" என்றார் ஆல்தோனா. "வாத்தியார், டாக்டர், வக்கீல். நாட்டை விட்டு ஓடி வந்தவங்க. பழைய ஆளுங்க பேசறது பட்டிக்காட்டுப் பேச்சுன்னு அவங்க சொன்னாங்க. அவங்களுக்குத் தலைக்கனம்னு இவங்க சொன்னாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி விருந்தை ஒரே கட்டிடத்துல இரண்டா நடத்தினோம். படிச்சவங்க மாடியில, ஃபாக்டரிக்காரங்க கீழே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு தமிழர் சேர்ந்தால் மூன்று சங்கம் என்று எங்களுக்கும் பெயர் உண்டு என்றேன்.

"அப்படியே பல வருஷம். ஒரு குளிர்காலம், விருந்து நேரத்துல பாய்லர் பழுது. மாடியில உட்கார முடியலை. கீழே மட்டும் அடுப்புச் சூடு இருந்தது. மாடிக்காரங்க தட்டைக் கையில பிடிச்சிட்டு இறங்கி வந்து நின்னாங்க. யாரும் நகர்ந்து இடம் விடலை. அதுல ஒரு பொண்ணு, பதினேழு வயசு, ரெஜினா. அவளைத்தான் முதல்ல ஒருத்தன் கூப்பிட்டு உட்கார வெச்சான். அப்புறம் எல்லாரும் நகர்ந்தாங்க. அந்த வருஷம்தான் எழுதினோம், பெரிய முடிவு எதுவா இருந்தாலும் எல்லாக் கையும் தூக்கணும்னு. இனிமே பாதிப் பேர் மாடியில, பாதிப் பேர் கீழேன்னு ஆகக் கூடாதில்லையா."

உட்கார வைத்தது யார் என்று கேட்டேன். "நாளைக்கு அவரே வருவார்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கிறிஸ்துமஸ் முந்தின நாள் விருந்து, அது முடிந்ததும் கூட்டம்; விருந்துக்குக் கூச்யோஸ் என்று பெயர். பன்னிரண்டு பதார்த்தம் இருக்க வேண்டும், எதிலும் கறியோ பாலோ முட்டையோ கூடாது, மீன் மட்டும் உண்டு. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். இந்த வருஷம் பதினொன்றுதான் தேறியது. பன்னிரண்டாவது, ரெஜினா மட்டுமே செய்து வந்தது. கறுப்புக் கசகசாவை ஊறவைத்து, அந்தக் கை மிஷினில் மூன்று முறை அரைத்து, பிழிந்து, தேன் கலந்த பால். அதில் சுண்டைக்காய் அளவு கெட்டி பிஸ்கட்டுகளை மிதக்க விடுவார்களாம்.

"கசகசாப் பாலா?" என்றேன். "அதுக்கா கவலைப்படறீங்க? அது என் பொறுப்பு."

அன்று மாலை இதைச் சொன்னதும் கார்த்திகா தயங்கினாள். "ஏனுங்கப்பா, நமக்கு இந்த வருஷம் பண்டிகை கெடையாதே. அம்மா போயி வருஷம் திரும்பலயே."

"நம்ம பண்டிகைதான் கெடையாது, அம்மணி. இது அவங்க பண்டிகை. எந்தப் பஞ்சாங்கத்துலயும் லிதுவேனியாவைப் பத்திப் போடல."

சொல்லிவிட்டேனே ஒழிய, உறுத்தலாகத்தான் இருந்தது. ஆல்தோனாவுக்குப் போன் போட்டு, துக்க வீட்டுக்காரன் வரலாமா என்று மகளை விட்டே கேட்கச் சொன்னேன். "அவங்கதான் முக்கியமா வரணும்" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கோயம்புத்தூரில் வாங்கிய மகளின் டேபிள் டாப் கிரைண்டரோடு அந்தச் சமையற்கட்டில் ஆஜர். இரவே ஊறவைத்த கசகசா, ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கியது, வெள்ளை. ஆல்தோனா பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, எங்களுடையது கறுப்பாச்சே என்று முணுமுணுத்தார். அரைபடும்போது எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். நான் சமையல் மாஸ்டர் இல்லை. ஆனால் கசகசா எனக்குத் தெரியும். சரசு குருமாவுக்கு அரைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடச் சொல்லி என்னைத்தான் பக்கத்தில் நிறுத்துவாள். ஒரு சொட்டு கூடினாலும் திட்டு விழும். அன்றைக்கு அந்தத் திட்டு இல்லாமல் தண்ணீர் விட்டது என்னவோ போல் இருந்தது.

கிரைண்டர் சத்தம் கேட்டு வீதாஸ் இறங்கி வந்தார். பாய்லரைப் பற்ற வைத்துவிட்டுப் போய்விடுவதாகத்தான் இருந்தாராம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். லேத் ஓட்டின ஆளுக்கு இரண்டு கல் சுற்றுவதைப் பார்த்தால் கால் நகருமா?

"என்ன கல்?"

"கருங்கல்."

"பெல்ட்டா, கியரா?"

"பெல்ட்."

மாவை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. நான் கொக்கி பக்கமே திரும்பவில்லை.

நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் உட்கார வேண்டும் என்பது முறை. மேகம் மூடியிருந்ததால் ஆல்தோனா கடிகாரத்தைப் பார்த்து நட்சத்திரம் வந்துவிட்டது என்று அறிவித்தார். உறுப்பினர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தமிழ்ப் பள்ளிக்காரர்கள் என்று நாற்பது பேர் இருப்போம். நீள மேசைகள், வெள்ளை விரிப்பு, அடியில் நிஜமாகவே வைக்கோல். அப்பளம் போல மெல்லிய ஒரு பண்டத்தை ஒருவர் நீட்ட, அடுத்தவர் ஒரு விள்ளல் ஒடித்துத் தின்று, தன்னுடையதை அவருக்கு நீட்ட வேண்டும். மகிழினியும் ஒரு கிழவரும் மாறி மாறி ஒடித்து முழுசையும் தீர்த்துவிட்டார்கள்.

எல்லோரும் உட்கார ஆரம்பித்தார்கள். எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு பந்தி உட்காரும்போது என்னால் சும்மா இருக்க முடியாது. மேசையோடு நடந்து கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போனேன். நடு மேசையில் ஒரு தட்டு காலி. பளபளவென்று கழுவிய தட்டு, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, நாற்காலியில் ஆள் இல்லை. அங்கே சுவரோரம், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், வீதாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஒரு மண்டபக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. இலை காலியாக இருக்க ஒரு மனிதர் நிற்பதா? எங்கள் ஊரில் இதற்காகவே சம்பந்தி சண்டை வந்திருக்கிறது. விறுவிறுவென்று போனேன். "அட, என்னங்க நீங்க, எடம் இருக்குதே, வாங்க வாங்க" என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பிடித்து இழுத்து வந்து, தோளை இரண்டு கையாலும் அழுத்தி உட்கார வைத்தேன். கையோடு கிண்ணத்தில் கசகசாப் பாலையும் ஊற்றினேன்.

கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. கரண்டி சத்தம்கூட இல்லை. ஆல்தோனா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். கார்த்திகா ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா! அது எறந்தவங்களுக்குப் போடற எடமுங்க. இந்த வருஷம் போனவங்களுக்கு. ரெஜினா ஆன்ட்டியோடது!"

படையல் இலையில் ஆளை உட்கார வைத்திருக்கிறேன். அதுவும் அவள் புருஷனையே. ஒன்பதாவது கை போச்சு, பள்ளி போச்சு, என் மகள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? இரண்டு கையையும் கூப்பினேன். முப்பது வருஷத்தில் எந்த விருந்தாளியிடமும் நான் அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை.

வீதாஸ் என்னைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வெள்ளையா இருக்கு" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "தேன் போதாது. அவளும் முதல்ல குறைவாத்தான் போடுவா. நான் சொல்லணும், அப்புறம் போடுவா."

பிறகு ஆல்தோனாவைப் பார்த்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார். "பாய்லர் பழுதான அன்னிக்கு நானும் இப்படித்தான் செஞ்சேன். ரெஜினா தட்டோட நின்னுட்டிருந்தா. தோளைப் பிடிச்சு உட்கார வெச்சேன். எங்கப்பா ஒரு மாசம் என்கிட்ட பேசலை."

ஆல்தோனா மேசைக்கு அந்தப் பக்கம் எதிர் நாற்காலியைக் காட்டினார். அதுதான் வீதாஸ் வழக்கமாக உட்காரும் இடமாம், அவர் வந்தாலும் வருவார் என்று அதற்கும் தட்டு வைத்திருந்தார்கள்; மேசையின் இந்தப் பக்கத்தை மட்டும் எண்ணி வந்த நான் அதைப் பார்க்கவில்லை. வீதாஸ் மெழுகுவத்தியை எடுத்தார். எட்டி, எதிரே தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ இடத்துல நான் உட்கார்ந்துட்டேன். என் இடத்துல அவ உட்காரட்டும்."

அதற்குப் பிறகுதான் கரண்டிகள் அசைந்தன. பீட்ரூட், காளான், ஊறுகாய் மீன், கோதுமையும் தேனும் கலந்த ஒன்று, பழக்கூழ். மீனைத் தவிர எல்லாவற்றையும் ருசி பார்த்தேன் என்று பெயர். எதுவும் நாக்கில் ஏறவில்லை. கார்த்திகா தட்டைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஆல்தோனா எழுந்து தீர்மானத்தை வாசித்தார், முதலில் அவர்கள் பாஷையில், பிறகு இங்கிலீஷில். கை தூக்கச் சொன்னார். எட்டுக் கை உடனே எழுந்தது. வீதாஸ் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கல் மிஷினை எங்கே வைப்பீங்க?"

இது எனக்குத் தெரிந்த விஷயம். வார்த்தை தானாக வந்தது. "கொக்கிக்குக் கீழே, வலது பக்கம். அங்கேதான் பிளக் பாயின்ட் இருக்கு, தண்ணி படாது. கொக்கியில இருக்கறது கொக்கியிலேயே இருக்கும். எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க."

"லிஃப்ட் கயிறு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். நீங்க சொல்லிக் கொடுக்கற மாதிரி மாத்துவாங்க."

"டிசம்பர்ல இந்த விருந்து?"

"நடக்கும். இந்தப் பால் இல்லாம நடக்காது."

அவர் சாவிக்கொத்தை மேசை மேல் வைத்தார். பிறகு, ஏதோ கனமான பொருளைத் தூக்குகிறவர் போல, மெதுவாகக் கையைத் தூக்கினார்.

கார்த்திகா என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். அவள் அம்மா போனபோதுகூட என் முன்னால் அழாதவள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. மகிழினி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எல்லோரும் கோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். பந்தி முடிந்தால் பத்து நிமிஷத்தில் மேசை துடைத்திருக்க வேண்டும் என்பது என் மண்டபத்துச் சட்டம். ஆல்தோனா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு எடுக்கக் கூடாது. ராத்திரி முழுக்க இப்படியே இருக்கணும். போனவங்க வந்து சாப்பிடுவாங்க. காலையிலதான் எடுப்போம்."

எச்சில் மேசையை அப்படியே விட்டுவிட்டுப் போவதா? கை பரபரத்தது. ஆனால் அன்றைக்கு ஒரு தப்பு போதும் என்று தட்டுகளைத் திருப்பி வைத்தேன். மகள் காரைச் சூடாக்கப் போயிருந்தாள். மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சுவரோரம் ஒரு நாற்காலி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ரெஜினாவுக்கு வைத்த நாற்காலியின் பக்கத்தில் போட்டேன். ஆல்தோனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"சரஸ்வதி. என் வீட்டுக்காரி."

அவர் உள்ளே போனார். கழுவிய தட்டு ஒன்றை எடுத்து வந்து வைத்தார். வீதாஸ் தேன் ஜாடியை என் பக்கம் தள்ளினார். மிச்சமிருந்த கசகசாப் பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இந்தத் தடவை தேனைச் சரியாகப் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு வாசலுக்கு வந்து ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். தொழிலுக்கு வந்த முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு இடத்தை நானே போட்டு, அதில் யாரையும் உட்கார வைக்காமல் மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன்.